ஹைபிரிட் சைக்கிள்: எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்?

மாணவர்களே, பள்ளிக்கும் போக வேண்டும், மாலையில் உடற்பயிற்சியும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே சைக்கிள் போதுமா என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் நேரான கைப்பிடி கொண்ட ‘ஹைபிரிட்’ வகையைக் காட்டுவார். பந்தய சைக்கிளும் மலைப்பாதை சைக்கிளும் கலந்த வகை அது. ஆனால், இரண்டின் நன்மைகளும் அதில் முழுமையாகக் கிடைக்காது. ஒவ்வொரு பாகத்திலும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெறுகிறோம். அந்தப் பேரம் நமக்கு லாபமா என்பதை இயற்பியல் சொல்லும்.

கைப்பிடி

பந்தய சைக்கிளின் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஓட்டுபவர் குனிவதால் காற்று மோதும் பரப்பு குறைகிறது. நேரான கைப்பிடியில் நிமிர்ந்து அமர்கிறோம், பரப்பு கூடுகிறது. வேகம் 2 மடங்கானால் காற்றுத் தடை 4 மடங்காகும். ஆனால், சிங்கப்பூரில் நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் வரம்பு 25 கி.மீ. மெதுவாகச் செல்லும்போது நிமிர்ந்து அமர்வதால் வரும் இழப்பு சிறியது. பதிலுக்கு, எதிரே வருபவர் நன்றாகத் தெரிகிறார். பிரேக் எப்போதும் விரல்களுக்கு அருகிலேயே இருக்கிறது. உடற்பயிற்சிக்காக ஓட்டுபவருக்கோ கூடுதல் காற்றுத் தடை நட்டமே இல்லை. தசைகளுக்கு வேலை கூடுகிறது, அவ்வளவுதான்!

கியர்

முன் பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 12 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மிதியை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 48 ÷ 12 = 4 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்றால், 8.8 மீட்டர் முன்னேறுவீர்கள்.

மேடு வருகிறது. முன்னால் 28, பின்னால் 28 என்று மாற்றுகிறீர்கள். இப்போது ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான். ஆனால், அதே மேட்டில் மிதிக்கத் தேவைப்படும் விசையும் கால் பங்காகிறது. மொத்த வேலை குறையவில்லை. பெரிய கடனைச் சிறு தவணைகளாகக் கட்டுவதைப் போன்றது இது.

டயர்

பந்தய சைக்கிளின் டயர் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்; மலைப்பாதை சைக்கிளில் 50 மில்லிமீட்டருக்கும் மேல். ஹைபிரிட் டயர் இடையில், 32 முதல் 42 வரை. காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கி நிமிரும். உங்கள் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். காற்று அளவுக்கு மிஞ்சினால் ஒவ்வொரு பள்ளமும் கையில் அதிரும். ஏற்ற காற்றழுத்தம் டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

பிரேக்

இங்கே மட்டும் பேரம் பேசக்கூடாது. வேகம் 2 மடங்கானால் இயக்க ஆற்றல் 4 மடங்கு. பிரேக் பிடித்தபின் சைக்கிள் நிற்கும் தூரமும் சுமார் 4 மடங்கு. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக், மழையில் முதலில் விளிம்பிலுள்ள நீரைத் துடைத்த பிறகே நன்றாகப் பிடிக்கும். பல ஹைபிரிட் சைக்கிள்களில் உள்ள தட்டு பிரேக், சக்கரத்தின் நடுவில் இருப்பதால் சாலை நீரும் சேறும் அதில் குறைவாகவே படும். ஆனாலும், ஈரத் தரையில் டயரின் பிடிப்பு குறையும். எனவே, எந்த பிரேக்காக இருந்தாலும் மழையில் வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே பிடியுங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் சைக்கிளின் முன், பின் பல்சக்கரங்களின் பற்களை எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் செல்வீர்கள் என்று கணக்கிடுங்கள். பிறகு, தரையில் அளந்து சரிபாருங்கள்.