அடைக்கோழிக்கு எதற்கு மூக்கில் இறகு?

கிங்ஸ் சர்க்கிள் கடைகளில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டைகளை இடும் லெகார்ன் வகைக் கோழிகள் அடைகாப்பதையே அநேகமாக மறந்தவை. முட்டை எண்ணிக்கைக்காக அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள்.

பக்கத்துத் தாராவித் தமிழர்கள் பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமையின் நாட்டுக்கோழி அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். கூடையை விட்டு நகராது; நெருங்கினால் சிலிர்த்துக் கொத்தும். முட்டையிடுவதும் நின்றுவிடும். நாலைந்து கோழி மட்டுமே வளர்க்கும் வீட்டில் இது வருமானத்தில் விழும் அடி.

வைத்தியம் என்ற பெயரில் மூக்கில் இறகைச் செருகுகிறார்கள், தண்ணீரில் முக்குகிறார்கள். வீண் கொடுமை! அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில், வெளிச்சத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

குஞ்சு வேண்டுமென்றால் தெளிவிக்கவே வேண்டாம். சேவல் சேர்ந்த முட்டைகளை அவயம் வைத்தால், மின்சாரச் செலவில்லாமல் 21 நாளில் பொரித்துத் தந்துவிடும்.