ஏடு ஒப்புநோக்கிய விஞ்ஞானி

ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகத் தொல்காப்பியர் வகுத்த மரபியற் பகுதியை அண்மையில் வகுப்பிற் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். "கண்ணுக்குப் புலப்படாத நுண்ணங்கிகள் இவற்றுள் எவ்வினம், ஐயா?" என மாணவன் ஒருவன் வினாவினான். விடை கூற இயலாது நின்றேன். பின்னர் விஞ்ஞான நூல்களை நாடினேன்.

ஆங்கு நான் கண்டது நம் பதிப்பாசிரியர் தொழிலையே. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, பாடபேதங்கொண்டு எவ்வேடு எதன்வழி வந்ததெனத் துணிவர் அவர். அமெரிக்காவில் இலினோய்ப் பல்கலைக்கழகத்துக் கார்ல் வோஸ் என்பாரும் அவ்வாறே செய்தார். எல்லா உயிர்க்கலங்களிலும் புரதத்தை ஆக்கும் இறைபோசோம் என்னும் நுண்பொறி உண்டு. அதன் ஆர்.என்.ஏ. எழுத்துக்களே அவர்க்கு ஏடுகளாயின. மெதேன் வாயுவை ஆக்கும் நுண்ணங்கிகளின் பாடம், பற்றீரியாக்களின் பாடத்தினின்றும் பெரிதும் வேறுபட்டிருந்தது. 1977 இல் அவரும் ஜோர்ஜ் பொக்ஸ் என்பாரும் இதனை வெளியிட்டபோது ஐயுற்றோர் பலர். இன்றோ ஆர்க்கியா என்னும் அவ்வினம் தனிப் பேரினமாக நிலைபெற்றுவிட்டது.

2015 இல் ஆட்டிக் கடலடிச் சேற்றிலே, கருவுடைய கலங்களுக்கு நெருங்கிய உறவுடைய ஆர்க்கியாக்களின் பரம்பரையலகுகள் கண்டறியப்பட்டன. அத்தகைய உறவினதொன்றை 12 ஆண்டுகளுக்கு மேல் முயன்று வளர்த்தெடுத்த யப்பானிய அறிஞர், 2020 இல் அதனை உலகறியச் செய்தனர். ஆர்க்கியா ஒன்றும் பற்றீரியா ஒன்றும் கூடி வாழ்ந்தமையாலேயே மரமும் மாவும் மக்களும் தோன்றுதற்கு மூலமான கலம் பிறந்தது என்பர் அறிஞர் பலர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "தொல்காப்பியர் கண்ணாற் கண்ட உயிர்களையே வகுத்தார், உன் வினாவுக்கு அந்நூலில் விடையில்லை" என்றேன். இல்லாததை உண்டென வலிந்து பொருள்கொள்ளல் நூலுக்குப் பெருமையன்று. கூர்ந்து நோக்கி வகைப்படுத்தும் நெறியே நாம் அவரிடங் கற்கத்தக்கது.