உங்களுக்குத் தெரியுமா? பிறப்பதற்கு 100 ஆண்டு முன்பே ஊர்க்காரன் ஆன பூனை!

கார்ட்டூன் பூனை டோரேமான் எப்போது பிறக்கப்போகிறது, தெரியுமா? 2112 செப்டம்பர் 3! ஆனால் ஜப்பானின் கவாசாகி நகராட்சிக்கு அதுவரை பொறுமை இல்லை. 2012 செப்டம்பர் 3 அன்றே, மிகச் சரியாக 100 ஆண்டு முன்னதாக, அந்த நீலப் பூனைக்குச் சிறப்புக் குடியிருப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது!

டோரேமானின் உயரம் 129.3 செ.மீ. எடை 129.3 கிலோ. மார்புச் சுற்றளவு 129.3 செ.மீ. எலியைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும் வேகம்? மணிக்கு 129.3 கி.மீ.!

ரோபோச் சிறுவன் ஆஸ்ட்ரோ பாய் கதைப்படி பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்த ஆண்டே நீசா நகரம் அவனைத் தன் ஊர்க்காரனாகப் பதிவு செய்துகொண்டது! தகாதானோபாபா ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். ரயில் புறப்படும்போது ஒலிப்பது அவனுடைய பாட்டுதான்!

கார்ட்டூன் சிறுவன் சின்சான்? அப்பா, அம்மா, தங்கையோடு குடும்பம் மொத்தமும் கசுகாபே நகரத்துக் குடிமக்கள்!

இதற்கே வியந்தால் எப்படி? அடுத்த செய்தி கைவசம் இருக்கிறது. நான் தேடிப் பிடித்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்!

2002 ஆகஸ்டில் தாமா ஆற்றுக்குள் ஒரு கடல்நாய் வழிதவறி வந்தது. நாடே கரையில் திரண்டது. தாமா-சான் என்று செல்லப் பெயர். 2003 பிப்ரவரியில் யோகோஹாமாவின் நிஷி வார்டு அலுவலகம் அதற்கும் குடியிருப்புச் சான்றிதழ் கொடுத்தது! ஆனால் வரி கட்டி, வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த வெளிநாட்டவர்கள் அந்தக் குடியிருப்புப் பதிவேட்டில் கிடையாது. அவர்களுக்குத் தனிப் பதிவேடு. கோபம் வராதா? முகத்தில் கடல்நாய் மீசை வரைந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள்!

வெளிநாட்டவரின் பெயர் குடும்பத்தோடு அதே பதிவேட்டில் ஏறியது எப்போது? 2012 ஜூலை 9! கடல்நாய்க்கு 9 ஆண்டு கழித்து! என்னைப் போல இங்கே குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது.

ஜப்பானில் எத்தனை வெளிநாட்டவர்? 2024 இறுதிக் கணக்குப்படி 37 லட்சத்துக்கும் மேல்!

கட்டாயக் கல்விச் சட்டம் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க விரும்பினால் 9 ஆண்டுப் படிப்பும் இலவசம், பாடப்புத்தகமும் இலவசம்!

கர்ப்பம் என்று வார்டு அலுவலகத்தில் சொன்ன உடனேயே ஒரு கையேடு தருவார்கள். தாயின் பரிசோதனை, குழந்தையின் எடை, தடுப்பூசி, எல்லாம் ஒரே நோட்டில். 1948 முதல் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து இது நடக்கிறது! வெளிநாட்டுத் தாய்மாருக்காகப் பல மொழிகளிலும் உண்டு!

இனி வீட்டுக்குள் வாருங்கள்.

குடும்பம் முழுவதும் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் குளிக்கும்! முகம் சுளிக்காதீர்கள். வெளியே உட்கார்ந்து சோப்பு போட்டு, அழுக்கு போகத் தேய்த்து, ஒரு துளி நுரை இல்லாமல் கழுவிய பிறகே தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். அப்பா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் குளித்து முடித்த பிறகும் அந்தத் தண்ணீர் வீணாகாது. பம்பு வைத்து உறிஞ்சி வாஷிங் மெஷினில் விடுகிற வீடுகள் ஏராளம்!

தண்ணீர் நிரம்பியதும் சமையலறைச் சுவரில் இருக்கும் பெட்டி பாடும்! பிறகு ஒரு பெண் குரல், குளியல் தயார் என்று அறிவிக்கும்! நோரிட்ஸ் நிறுவனத்தின் வெந்நீர்க் கருவியில் வரும் அந்த மெட்டு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் தியோடர் ஒஸ்டன் பியானோவுக்கு எழுதியது! ஜப்பானில் பிறந்த குழந்தைக்கு அதைக் கேட்டால் பியானோ ஞாபகம் வராது, குளியல்தான் ஞாபகம் வரும்!

பல வீடுகளில் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் மூடியே ஒரு குட்டி வாஷ்பேசின்! கை கழுவிய தண்ணீர்தான் தொட்டியில் நிரம்பி அடுத்த ஃப்ளஷ்ஷுக்கு!

தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும் டோட்டோ வாஷ்லெட் வந்தது 1980-இல். பொதுக் கழிப்பறைகளில் வெறும் தண்ணீர்ச் சத்தம் எழுப்பும் பொத்தானும் உண்டு. எதற்கு? கூச்சத்தை மறைக்க!

குப்பையை எத்தனை வகையாகப் பிரிப்பீர்கள்? இரண்டு? மூன்று? தொக்குஷிமா மாநிலத்துக் காமிகட்சு ஊரில் 40-க்கும் மேல்!

மார்ச் 3 பெண் குழந்தைகளின் திருநாள். சிவப்புத் துணி விரித்த 7 படி, 15 பொம்மை. நம் கொலுவேதான்! ஆனால் விழா முடிந்ததும் மளமளவென்று எடுத்து வைத்துவிட வேண்டும். தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பது பாட்டிமார் நம்பிக்கை!

பிப்ரவரி தொடக்கத்தில் அப்பா பேய் முகமூடி போட்டுக்கொள்வார். பிள்ளைகள் வறுத்த சோயா பீன்ஸை அள்ளி வீசி அவரை வீட்டை விட்டுத் துரத்துவார்கள்! பிறகு வயது எத்தனையோ அத்தனை பீன்ஸ் சாப்பிட வேண்டும். 80 வயதுத் தாத்தா பாவம்!

காதலர் தினத்தில் சாக்லெட் தருவது பெண்கள் மட்டும். ஆண்கள் பதில் பரிசு தர வேண்டிய நாள் மார்ச் 14!

ஆறு வயதுப் பிள்ளை தனியாக நடந்து பள்ளிக்குப் போகும்! கூட அப்பாவும் இல்லை, ஆட்டோவும் இல்லை. தலையில் மஞ்சள் தொப்பி, பையில் இழுத்தால் அலறும் அலாரம். அவ்வளவுதான்!

குட்டிப் பிள்ளைகளை முதன்முதலாகக் கடைக்கு அனுப்பி, கேமராவை ஒளித்து வைத்துப் படம் பிடிக்கும் நிகழ்ச்சி 1991 முதல் ஓடுகிறது! இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள்கூட மீன் வாங்கப் போகிறார்கள். பார்க்கும் எனக்குத்தான் கண் நிறைந்துவிடும்!

பிள்ளைகள் முதுகில் சுமக்கும் பெட்டி போன்ற பள்ளிப் பைக்கு ராந்தோசெரு என்று பெயர். விலை 50,000 யென்னைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆனால் 6 ஆண்டு உத்தரவாதம்!

டோக்கியோ பக்கத்துப் பள்ளிகளில் நாற்காலி மேல் ஒரு மெத்தை கிடக்கும். நிலநடுக்கம் வந்தால்? அதுவே தலைக்கவசம்!

மதியச் சாப்பாட்டைப் பரிமாறுவது யார்? வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்ட மாணவர்களே! சாப்பிட்ட பின் வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் அவர்களே! இந்தப் பள்ளிச் சாப்பாடு தொடங்கிய ஊர் யமகாதா மாநிலத்து ட்சுருஒகா, ஆண்டு 1889. முதல் சாப்பாட்டில் சோற்று உருண்டை, உப்பு மீன், ஊறுகாய்!

கோடை விடுமுறையில் தூங்கலாமா? முடியாது! காலை 6.30-க்கு வானொலியில் பியானோ ஒலிக்கும். பிள்ளைகள் பூங்காவில் கூடி உடற்பயிற்சி செய்து, அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்வார்கள். வானொலியில் இந்தப் பயிற்சி தொடங்கியது 1928-இல்!

இங்கே சின்னக் குழந்தைகள் ஓயாமல் சொல்லும் பெயர்களில் ஒன்று எது? அன்பான்மேன்! பீன்ஸ் பூரணம் வைத்த ரொட்டிதான் அவன் தலை. பசியோடு யாரைப் பார்த்தாலும் தன் முகத்தைப் பிய்த்துக் கொடுத்துவிடுவான்! உலகத்தில் இப்படி ஒரு வீரன் உண்டா? அவனைப் படைத்த தகாஷி யனாசே போர்க்களத்தில் பசியால் வாடியவர், தம்பியைப் போரில் பறிகொடுத்தவர். பசித்தவனுக்குச் சோறு போடுவது எந்தக் காலத்திலும் தப்பாகாது என்பதை அங்கேதான் உணர்ந்தார். அன்பான்மேன் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 69! அந்தத் தொடரில் எத்தனை பாத்திரங்கள் தெரியுமா? 2009-இல் கின்னஸ் எண்ணிப் பார்த்தது. 1,768!

ஷிக்கோக்கு தீவில் அவன் படம் போட்ட ரயிலே ஓடுகிறது!

ஞாயிறு மாலை 6.30. டிவியில் சசாயே-சான்! 1969 அக்டோபர் 5-இல் தொடங்கிய குடும்பக் கார்ட்டூன், இன்னும் முடியவில்லை! உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் டிவி கார்ட்டூன் இதுதான். அப்பா நாமிஹேய்க்கு வழுக்கைத் தலை, உச்சியில் ஒரே ஒரு முடி. வயது? 54தான்! சசாயேவுக்குக் குரல் கொடுப்பவர் மிடோரி கதோ. முதல் நாள் தொடங்கி அரை நூற்றாண்டைத் தாண்டியும் அதே குரல்!

ஆள் தொகை மிகக் குறைந்த மாநிலம் தொத்தோரி. அங்கே இரண்டு விமான நிலையம். ஒன்றில் துப்பறியும் கோனான் பெயர், மற்றொன்றில் கிதாரோ என்ற பேய்ச் சிறுவன் பெயர்! பக்கத்து சகாய்மினாதோவில் ஒரு தெரு முழுக்கப் பேய்ச் சிலைகள். எண்ணிக்கை 170-க்கும் மேல்!

தெருவில் குனிந்து பாருங்கள். சாக்கடை மூடியில் போகிமோன்! 2018-இல் தொடங்கிய இந்த மூடிகள் 300-ஐத் தாண்டிவிட்டன. தேடிப் பிடிக்கவே குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றுகிறார்கள்!

ஷோனென் ஜம்ப் என்ற வாரக் கதைப் புத்தகம் 1995-இல் ஒரே வாரத்தில் அச்சானது 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி!

டீமன் ஸ்லேயர் திரைப்படம் 2020-இல், அதுவும் கொரோனா காலத்தில், 10 நாளில் குவித்தது 1,000 கோடி யென்!

ஜப்பானியரை ஆட்டிவைத்த தமிழ்ப் படம்? ரஜினியின் முத்து! 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரே திரையரங்கில் ஓடியது 23 வாரம்!

கரோக்கே பெட்டியை 1971-இல் செய்தவர் தாய்சுகே இனோயே. காப்புரிமை வாங்கவே இல்லை!

டிசம்பர் 31 இரவு ஆண் பாடகர்களுக்கும் பெண் பாடகர்களுக்கும் பாட்டுப் போட்டி. பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இந்தப் போட்டியை 1951-இல் தொடங்கியது. 1963-இல் பார்த்த வீடுகள் 81.4 சதவீதம்!

மறுநாள் விடிந்தால் புத்தாண்டு வாழ்த்து அட்டைகள். முன்கூட்டியே தபாலில் போட்டாலும் தபால்காரர் கையில் வைத்திருந்து, ஜனவரி 1 காலையில்தான் மொத்தக் கட்டையும் வீட்டு வாசலில் சேர்ப்பார்! 2004 புத்தாண்டுக்கு மட்டும் அச்சிட்டவை 440 கோடிக்கும் மேல். கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 34 அட்டை!