கணுவுக்கு ஒரு செடி: வீட்டில் வல்லாரை

வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை படர்ந்திருந்தால் ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசில் வராது. கணுவுக்குக் கணு மேலே இரண்டு மூன்று இலைகள், கீழே மண்ணை இறுகப் பிடித்த ஒரு கொத்து வேர். நடுவில் வெட்டினாலும் இரண்டு துண்டும் பிழைத்துக்கொள்ளும். வேர் விட்ட கணு ஒவ்வொன்றும் ஒரு தனிச் செடி. இதைப் புரிந்துகொண்டால் வல்லாரை வளர்ப்பில் பாதி கைவந்துவிடும்.

கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பம்தான் வல்லாரையும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் வைத்தார். 1879இல் உர்பன் என்னும் தாவரவியலாளர் பெயரைச் சென்டெல்லா ஏசியாட்டிகா என்று மாற்றினார். இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என ஈரம் நிற்கும் நிலமெல்லாம் இதற்குச் சொந்த ஊர்.

நடுவதற்கு விதை தேடி அலைய வேண்டாம். வேர் பிடித்த கணுக்கள் நாலைந்து இருந்தால் போதும். வேர் ஆழமாக இறங்காததால் ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டியே நல்லது. அரை அடி மண் போதும். செம்மண்ணோடு மட்கிய தொழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து, சாண் இடைவெளியில் கணுவை மண்ணில் அழுத்தி வையுங்கள். மண் காயவே கூடாது. காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் பொருத்தமானது. நிழலில் காம்பு நீண்டு இலை அகலும். சுள்ளென்ற வெயிலில் இலை சிறுத்துத் தடிக்கும். தோட்டம் இருந்தால் வாழைக்கும் தென்னைக்கும் அடியில் விடலாம். தரையை மூடிப் படர்வதால் ஈரம் காக்கும், களையும் அடங்கும்.

பறிக்கும்போது இலையைக் காம்போடு கிள்ளுங்கள், கொடியை இழுக்காதீர்கள். தொட்டிக்கு வெளியே தொங்கும் கொடியின் கணுவை அடுத்த தொட்டி மண்ணில் படியவைத்தால் அங்கேயும் வேர் விடும்.

வாங்கும் செடி வல்லாரைதானா என்று காம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். வல்லாரை இலை சிறுநீரக வடிவில், விளிம்பில் சிறு பற்களோடு இருக்கும். ஒரு பக்கம் பிளவுபட்டு, அந்தப் பிளவில் காம்பு சேரும். அழகுக்காக வளர்க்கும் ஒருவகை நீர்ச்செடியின் வட்ட இலையிலோ காம்பு நட்டநடுவில் ஒட்டியிருக்கும்.

வீட்டில் வளர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் தண்ணீர். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் மண்ணிலும் நீரிலும் இருந்தால் வல்லாரை அவற்றை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். சாக்கடையோரம் வளர்ந்த கீரையை எத்தனை முறை அலசினாலும் அந்த உலோகம் போகாது. பச்சையாக உண்ணும் கீரை என்பதால் கிருமிக்கும் அஞ்ச வேண்டும். தொட்டியில் என்ன நீர் விடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்னும் பொருள் காயம் ஆற்றும் களிம்புகளில் சேர்கிறது. நினைவாற்றலைக் கூட்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதை உறுதியாக நிறுவும் சான்று இன்னும் போதாது. கீரையாக அளவோடு உண்ணலாம். பொடியாகவோ மாத்திரையாகவோ தொடர்ந்து எடுப்பதென்றால், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும், மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நம் வீடுகளில் துவையல், யாழ்ப்பாணத்தில் சம்பல். இலையைப் பொடிப்பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசைந்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் சம்பல் தயார். லேசான கசப்பைத் தேங்காயின் இனிப்பு அணைத்துக்கொள்ளும். அரிந்த இலை சீக்கிரம் கறுக்கும். ஆகவே சோறு வெந்த பிறகு கிள்ளப் போனால் போதும்.