மலையேற்றத்தில் ஆக்ஸிலேட்டர் மக்கர் செய்தால்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறுகிறீர்கள். எவ்வளவு மிதித்தும் கார் இழுக்கவில்லை. இன்ஜின் விளக்கும் எரிகிறது. எலெக்ட்ரானிக் த்ராட்டில் சிக்கியிருக்கலாம்.

இன்றைய பெட்ரோல் கார்களில் ஆக்ஸிலேட்டர் கேபிள் கிடையாது. பெடல் சென்சார் தரும் தகவலை வைத்து, சிறிய மோட்டார்தான் காற்று வால்வைத் திறக்கிறது. கரி படிந்தால் வால்வு சிக்கும். உடனே கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும்.

ஸ்கேனரில் பி2111 வந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. பி2112 என்றால் மூடியபடி. பி2135 என்றால் சென்சாரையும் வயரிங்கையும் சோதிக்க வேண்டும். கரிதான் காரணமென்றால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடலாம். புதியது மாற்றும் முன் இதைக் கேளுங்கள்.

மாறாக, காலை எடுத்தும் வேகம் குறையவில்லையா? பிரேக்கை விடாமல் அழுத்துங்கள், நியூட்ரலுக்கு மாற்றுங்கள். கார் நின்ற பிறகே இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து!