வெளியே வெற்றிக்கொடி, வீட்டில் பட்டினி

ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசும்பொழுது, அடிமைப்பட்ட தேசங்களின் துயரத்தையே நாம் முதலில் எடுத்துரைக்கிறோம். அது நியாயமே. ஆயினும், பிற தேசங்களைப் பிடித்தாண்ட நாட்டின் சாமானிய ஜனங்களுக்கு அதனால் கிடைத்தது என்ன என்ற கேள்வியையும் கேட்காமல் விடலாகாது. சாம்ராஜ்யம் விரிந்தால் ஏழையின் அடுப்பும் எரியும் என்று எல்லா ஏகாதிபத்தியங்களும் தம் ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. அந்த வாக்கின் மதிப்பை அறிய, தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷார் நடத்திய போயர் யுத்தத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

யுத்தத்தின் மூலம் யாவரும் அறிந்ததே. 1886-ல் டிரான்ஸ்வாலில் தங்கம் அகப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உலகில் எடுக்கப்பட்ட தங்கத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்தது. அதுமுதல் போயர்களின் அந்தச் சிறு குடியரசு நிம்மதியாக உறங்க முடியவில்லை. 1895-ஆம் வருஷக் கடைசியில் செஸில் ரோட்ஸின் ஆதரவுடன் ஜேம்ஸன் என்பவர் ஆயுதம் தாங்கிய கூட்டத்துடன் உட்புகுந்து தோல்வியுற்றார். நான்கு ஆண்டுகளுக்குள் பெரிய யுத்தமே மூண்டது. டிரான்ஸ்வாலில் குடியேறிய வெள்ளையருக்கு வோட்டுரிமை வேண்டும் என்பதே வெளியில் கூறப்பட்ட முக்கிய காரணம். அதே காலத்தில் இங்கிலாந்திலேயே வயது வந்த ஆண்களில் பத்துப் பேரில் சுமார் நால்வருக்கு வோட்டு இல்லை. பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு வோட்டே இல்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வோட்டுரிமைக்காக உருகியவர்களின் உள்ளம், தம் வீட்டு வாசலில் நின்றவர்களுக்காக உருகவில்லை!

யுத்தத்திற்கு ஆள் சேர்த்தபோதுதான் சாம்ராஜ்யத்தின் உள்நோய் வெளிப்பட்டது. மாஞ்செஸ்டர் நகரில் 1899 அக்டோபர் முதல் 1900 ஜூலை வரை சேனையில் சேர முன்வந்தவர்கள் சுமார் 11,000 பேர் என்றும், அவர்களில் 8,000 பேர் உடற்தகுதியின்றித் தள்ளப்பட்டனர் என்றும் ஆர்னால்டு ஒயிட் என்பவர் 1901-ல் எழுதினார். அவர் சாம்ராஜ்யத்தின் விரோதியல்லர். அதன் வலிமை குன்றுகிறதே என்று கவலைப்பட்டவர். உலகத்திற்கெல்லாம் துணி நெய்து கொடுத்த நகரத்தின் வாலிபர்களுக்குத் துப்பாக்கி தூக்கவும் உடலில் வலுவில்லை!

இதன் காரணத்தை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. யார்க் நகரில் ஸீபோம் ரௌண்ட்ரீ என்பவர் வீடு வீடாக விசாரணை நடத்தி, 1901-ல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். நகர ஜனங்களில் 100-க்குச் சுமார் 28 பேர் தரித்திரத்தில் உழல்வதாக அவர் கண்டார். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் உயிர் தரிக்க வாரத்திற்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் பத்திரிகை வாங்கக் காசில்லை. ரயில் கட்டணத்திற்கு இடமில்லை. குழந்தைக்கு ஒரு பொம்மைகூட இல்லை. லண்டனில் சார்லஸ் பூத் நடத்திய விசாரணையிலும் 100-க்கு 30 பேருக்கு மேல் ஏழைகள் என்றே தெரியவந்தது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பெருமை பேசினார்கள். அதன் தலைநகரத்துச் சந்துகளில் சூரியன் உதிக்கவே இல்லை.

இந்தத் தரித்திரத்திற்குப் பரிகாரம் தெரியாமற் போகவில்லை. ஆதரவற்ற கிழவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசியவர்களில் ஒருவர் ஜோஸப் சேம்பர்லேன். குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்து யுத்தத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே! 65 வயதான தகுதியுள்ள ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் முதல் அளிக்கலாமென்று 1899-ல் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று சிபார்சு செய்தது. அவ்வாண்டே யுத்தம் வந்தது. சிபார்சு பரண்மேல் ஏறிற்று. கிழவர்களுக்கு இல்லாத பணம் பீரங்கிக்கு உடனே கிடைத்தது. யுத்தச் செலவு 20 கோடி பவுனுக்கு மேல். அதில் பெரும்பகுதி கடன். கடன் கொடுத்த தனவந்தர்களுக்கு வட்டி சென்றது. வருமானவரி உயர்ந்தது உண்மையே. அத்துடன் 1900-ல் தேயிலைக்கும், 1901-ல் சர்க்கரைக்கும், 1902-ல் தானியத்திற்கும் மாவுக்கும் வரி ஏறிற்று. உபகாரச் சம்பளச் சட்டம் 1908-ல்தான் நிறைவேறியது. அதுவும் 70 வயதானவர்களுக்கு மட்டுமே. அதற்குத் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பிடித்த செலவு ஒரு கோடி பவுனுக்கும் குறைவு. ஒரு யுத்தத்தில் கரைந்த பணம் இருபது ஆண்டுகளுக்குக் கிழவர்களின் வயிற்றைக் காத்திருக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வெற்றியின் பலனை அனுபவித்தவர் யார்? நாட்டுக்காக உயிர்விட்ட பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாய்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் குண்டுபட்டு இறக்கவில்லை, நோயால் மாண்டனர். போயர்களின் பண்ணைகள் கொளுத்தப்பட்டன. அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் அடைக்கப்பட்ட முகாம்களில் சுமார் 28,000 பேர் மடிந்தனர். அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பு மக்களிலும் பல்லாயிரவர் மாண்டனர். சமாதானம் ஏற்பட்டபோது அம்மண்ணின் பூர்வீகக் குடிகளுக்கு வோட்டுரிமை ஒத்திப் போடப்பட்டது. சுரங்க முதலாளிகளுக்கோ 1904 முதல் குறைந்த கூலிக்குச் சீனத் தொழிலாளர் 63,000 பேர் வரை தருவிக்கப்பட்டனர்.

நம்மவர் பெற்ற பரிசையும் மறக்கலாகாது. நேட்டாலில் காந்தியடிகள் திரட்டிய சுமார் 1,100 இந்தியர், பிரிட்டிஷ் சேனையின் காயம்பட்டோரைத் தோளில் சுமந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். டிரான்ஸ்வாலில் இந்தியர் இழிவுபடுத்தப்படுவதையும் யுத்தத்திற்கு ஒரு காரணமாகப் பிரிட்டிஷ் மந்திரிகள் சொல்லிக்கொண்டார்கள். அந்த நாடு தங்கள் கைக்கு வந்தபின், 1906-ல் இந்தியர் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்று அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். அப்போரில் சிறை சென்று, 1914-ல் உயிர் நீத்த வள்ளியம்மை தமிழ்ப் பெண்.

இவற்றையெல்லாம் நேரில் கண்டு ஆராய்ந்த ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. ஜே. ஏ. ஹாப்ஸன் என்பவர் பத்திரிகை நிருபராகத் தென்னாப்பிரிக்கா சென்று திரும்பி, 1902-ல் ஏகாதிபத்தியத்தைப் பற்றி நூல் எழுதினார். தொழிலாளிக்குப் போதிய கூலியில்லை; ஆகையால் அவன் பண்டங்களை வாங்க முடிவதில்லை. செல்வர் கையில் செலவழிக்க இயலாத பணம் குவிகிறது. உள்நாட்டில் லாபம் காணாத அப்பணம் வெளிநாடு செல்கிறது; அதைக் காக்கச் சேனையும் பின்செல்கிறது. இதுவே அவர் வாதத்தின் சாரம். பிரிட்டிஷ் மூலதனத்தில் பெரும்பகுதி அமெரிக்கா, ஆர்ஜென்டினா முதலிய நாடுகளுக்கே சென்றது என்று பின்வந்த சரித்திராசிரியர்கள் அவரை மறுத்தும் இருக்கிறார்கள். ஆயினும் உள்நாட்டு ஏற்றத்தாழ்வும் வெளிநாட்டுப் படையெடுப்பும் ஒரே வேரில் கிளைத்தவை என்று அவர் காட்டியது, போயர் யுத்தத்தைப் பொறுத்தவரை பொய்யாகவில்லை. ஏற்றத்தாழ்வு யுத்தத்திற்கு வழி செய்தது. யுத்தம் ஏற்றத்தாழ்வின் பரிகாரத்தைத் தள்ளிப் போட்டது.

1900 மே மாதம் மாபெகிங் முற்றுகை நீங்கிய செய்தி கேட்டு லண்டன் வீதிகளில் ஆனந்தக் கூத்தாடியவர்களில் அரைவயிற்றுக்காரர் எத்தனை பேரோ! அவ்வாண்டுத் தேர்தலில் யுத்தக் கட்சியே வென்றது. அவர்களை நாம் இகழ்வதற்கில்லை. பசித்தவனுக்குச் சோற்றுக்குப் பதில் பெருமையை ஊட்டுவது எல்லா ஏகாதிபத்தியங்களும் அறிந்த வித்தை. அந்தச் சாம்ராஜ்யம் இன்று இல்லை. வித்தை மட்டும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் உலக சர்க்கார்கள் ராணுவத்திற்குச் செலவிட்ட தொகை 2 லட்சத்து 70 ஆயிரம் கோடி டாலருக்கு மேல்.

ஆகவே, தேச ஊழியத்தில் ஈடுபட்டோருக்கு நாம் கூறுவது இதுதான். எந்த நாட்டிலாயினும் சரி, நம் நாட்டிலேயாயினும் சரி, வெற்றி முரசு ஒலிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதற்குப் பணம் கொடுப்பவன் யார்? உயிர் கொடுப்பவன் யார்? லாபம் யாருக்கு? முதலிரண்டு கேள்விகளுக்கு விடை ஏழை என்றும், மூன்றாவதற்கு விடை வேறொருவன் என்றும் வருமாயின், அந்த முரசுக்கு நாம் தாளம் போட வேண்டியதில்லை.