பதின்மூன்று அணுக்களின் வாசனை

அமெரிக்காவின் பர்கர் கடைகளிலும் மதுக்கூட உணவகங்களிலும் 2000-களில் பரவி, இன்று சென்னை உணவகங்களின் மெனு அட்டை வரை வந்துவிட்ட பண்டம் ட்ரஃபிள் ஃப்ரைஸ். செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு வறுவலைச் சூட்டோடு ட்ரஃபிள் எண்ணெய் விட்டுக் குலுக்கி, பார்மசான் சீஸைத் துருவிப் போட்டு, கொஞ்சம் பார்ஸ்லி இலை தூவுகிறார்கள். தட்டுக்கு முன்பாகவே வாசனை மேசைக்கு வந்துவிடும். எனக்குப் பசியே இல்லை என்று சொன்னவர்தான் பெரும்பாலும் தட்டைக் காலி செய்வார்.

அந்தத் தட்டில் ட்ரஃபிள் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. இருக்கவும் முடியாது. ட்ரஃபிள் என்பது ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் விளையும் ஒரு பூஞ்சை. இத்தாலியின் ஆல்பா பகுதி வெள்ளை ட்ரஃபிளுக்கும், பிரான்சின் பெரிகோர் கறுப்பு ட்ரஃபிளுக்கும் பேர்போனவை. 2007-ல் மக்காவ் சூதாட்ட விடுதி அதிபர் ஸ்டான்லி ஹோ ஒன்றரைக் கிலோ வெள்ளை ட்ரஃபிளுக்கு ஏலத்தில் 3,30,000 டாலர் கொடுத்தார். அது ஏலக் கிறுக்கு என்று தள்ளிவிட்டாலும், சாதாரணச் சந்தை விலையில்கூட இதை வறுவல்மேல் தாராளமாகப் போட எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது.

அதே 2007-ல் சான் பிரான்சிஸ்கோ சமையல் கலைஞர் டேனியல் பேட்டர்சன், நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கடையில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பாலானவை ஆலிவ் எண்ணெயோடு ஆய்வுக்கூடத்தில் செய்த வேதிப்பொருளைக் கலந்தவை. அதன் பெயர் 2,4-டைதயாபென்டேன். மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு கந்தகம் என மொத்தம் பதின்மூன்றே அணுக்கள். வெள்ளை ட்ரஃபிளின் வாசனையில் முக்கியமான பங்கு இதனுடையது என்று இத்தாலிய வேதியியலாளர்கள் 1967-லேயே கண்டறிந்திருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த இரண்டு கந்தக அணுக்களை. நம் மூக்கு பல வாசனைகளுக்கு மந்தம். கந்தகச் சேர்மங்கள் பலவற்றுக்கோ படு கூர்மை. சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலப்பது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். காற்றில் நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பூண்டு, வெங்காயம், வெந்த முட்டைக்கோஸ் எல்லாம் கந்தகக் கூட்டம்தான். நம் அடுப்படியில் இதற்குச் சரியான உறவுக்காரர் பெருங்காயம். டப்பாவைத் திறந்து நேராக முகர்ந்தால் முகம் சுளிக்கும். சூடான நெய்யில் ஒரு சிட்டிகை விழுந்தால் வீடே சாப்பிட வந்துவிடும். ட்ரஃபிளும் அப்படித்தான். அளவு மிஞ்சினால் பெட்ரோல் நாற்றம் என்று சிலர் தட்டைத் தள்ளிவிடுவார்கள், நியாயமாகவே.

ஒரு பூஞ்சைக்கு எதற்கு இத்தனை வாசனை? மற்ற காளான்கள் மண்ணுக்கு மேலே குடை விரித்து, வித்துகளைக் காற்றில் விட்டுவிடுகின்றன. மண்ணுக்குள் அடைந்து கிடக்கும் ட்ரஃபிளுக்குக் காற்றும் இல்லை, காலும் இல்லை. யாராவது தோண்டி, தின்று, வேறெங்கோ போய்க் கழித்தால்தான் அதன் வம்சம் பரவும். ஆகவே வாசனை அதற்கு அலங்காரமல்ல, பிழைப்பு. முற்றி, வித்துகள் தயாராகும்போதுதான் அது பலமாக மணக்கும். அந்த மணத்தையும் அது தனியாகத் தயாரிப்பதில்லை. சில வகைகளில் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று தெரியவந்திருக்கிறது.

பன்றிகள் ட்ரஃபிளை மோப்பம் பிடிப்பதற்கு ஒரு சுவையான விளக்கம் நெடுநாள் உலவியது. ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கும் ஆண்ட்ரோஸ்டெனால் ட்ரஃபிளிலும் இருப்பதாக 1981-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். பெண் பன்றி ஜோடியைத் தேடித்தான் மண்ணைக் கிளறுகிறது என்று கதை கட்டியாயிற்று. இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. 1990-ல் பிரெஞ்சு ஆய்வாளர் தியெரி தலூவின் குழு நிஜ ட்ரஃபிள், டைமெத்தில் சல்ஃபைடு, ஆண்ட்ரோஸ்டெனால் ஆகியவற்றைத் தனித்தனியே மண்ணில் புதைத்துப் பன்றியையும் நாயையும் அவிழ்த்துவிட்டது. முதல் இரண்டும் மாட்டிக்கொண்டன. ஆண்ட்ரோஸ்டெனாலைப் பன்றி சட்டை செய்யவே இல்லை. காதல் கதை போயிற்று; மிஞ்சியது மறுபடியும் கந்தகம். டைமெத்தில் சல்ஃபைடும் கந்தகச் சேர்மமே.

ஆனால் வாசனை மட்டும் ஒரு பண்டத்தைத் தூக்கி நிறுத்தாது. ட்ரஃபிள் எண்ணெயை வெறும் கரண்டியில் ஊற்றிக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்பவர் யாரும் இல்லை. உருளைக்கிழங்கின் சாமர்த்தியம் இங்கேதான் வருகிறது. கொதிக்கும் எண்ணெயில் கிடக்கும்போது வறுவலுக்குள் அதிகம் எண்ணெய் ஏறுவதில்லை. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியே பீறிட்டுக்கொண்டே இருப்பதால், எண்ணெய்க்கு உள்ளே வழி கிடைப்பதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்குகிறது, அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை மொறுமொறுத்த தோலின் நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. சமையல்காரர் ட்ரஃபிள் எண்ணெயை விட்டுக் குலுக்குவது இந்த நேரம் பார்த்துத்தான். எளிதில் ஆவியாகும் அந்த மணம் வாணலிச் சூட்டில் தப்பித்துப் போகாமல் வறுவலின் தோலிலேயே தங்குகிறது. பிறகு வாயில் கடித்து நொறுக்கும்போது வெளிப்பட்டு, தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பின்வாசல் வழியாக வரும் மணம்தான். ஒவ்வொரு கடியும் புது மூச்சு மணத்தை அனுப்புவதால், ஒன்றோடு நிறுத்துவது கடினம்.

உப்புக்கு விளக்கம் தேவையில்லை. பார்மசான் ஏன் என்றால், மாதக்கணக்கில் முதிரும் அந்தச் சீஸில் புரதம் உடைந்து குளூட்டமேட் ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. 1908-ல் ஜப்பானின் கிகுனே இகேதா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட சுவைக்குக் காரணம் அதே பொருள்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கூட்டணி இருக்கிறது: கொழுப்பும் மாவுச்சத்தும். 2018-ல் யேல் பல்கலைக்கழகத்தின் டானா ஸ்மால் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. உணவுப் படங்களைக் காட்டி, இதற்கு எவ்வளவு பணம் தருவீர்கள் என்று கேட்டார்கள். கலோரி ஒன்றாகவே இருந்தாலும், கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த பண்டங்களுக்கே மக்கள் அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். மூளையில் வெகுமதியை உணரும் பகுதியும், இரண்டுக்கும் தனித்தனியே துடிப்பதைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகத் துடித்தது. இயற்கையில் இந்தச் சேர்க்கை அபூர்வம். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து வரும் தாய்ப்பால் ஒரு விதிவிலக்கு. ஆக, அந்தத் தட்டின் முன்னால் மனவுறுதி பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமே வருகிறது.

நிஜ ட்ரஃபிளின் மணம் பல சேர்மங்களின் கூட்டு; நாழிக்கு நாழி மாறும். எண்ணெயோ ஒரே சேர்மத்தை உரக்கக் கத்தும். எண்ணெயில் பழகிய நாக்குக்கு, பெரும் செலவில் சீவிப் போட்ட அசல் ட்ரஃபிள் சப்பென்றிருப்பதாகச் சமையல்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் காட்டுக்குள்ளும் இந்த எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது. ட்ரஃபிள் தேடும் நாய்களைப் பழக்குபவர்களில் சிலர், துணித் துண்டை ட்ரஃபிள் எண்ணெயில் நனைத்துப் புதைத்துத்தான் முதல் பாடத்தைத் தொடங்குகிறார்கள். கிளறி எடுத்த நாய்க்கு ஒரு பிஸ்கட் கிடைக்கும்.